மாக்கிப் பழக் கறை

முதலில் அவள் நினைத்தது, மாக்கிப் பழம் என்று.
வேலியோரம் கொத்துக்கொத்தாய்ப் பழுத்து
தின்றவர் நாக்கைக் காட்டிக்கொடுக்கும் பழம்.
நாலு மாதக் குழந்தைக்கு யார் கொடுத்தது?
மூத்தவளைத் திட்டினாள்.
ஈரத்துணியால் மேல் ஈற்றைத் துடைத்தாள்.
துடைக்கத் துடைக்கத்
துணி வெள்ளையாகவே இருந்தது.

மூன்று வாரத்தில் மேலுதடு தூக்கிக்கொண்டது.
மூக்கின் ஒரு துவாரம் ஒதுங்கி வழிவிட்டது.
லியென்தூர் பால் குடிக்கையில்
பாதியில் விட்டுவிட்டு
எதையோ மறந்தவன்போலக் கூரையைப் பார்த்தான்.

புவெர்த்தோ சாவெத்ராவிலிருந்து தெமூக்கோவுக்கு
முதல் பேருந்து. கோடையிலும் மழை.
பிள்ளையின் மணிக்கட்டில்
கண்ணேறுக்குக் கட்டிய சிவப்புக் கம்பளி நூல்.
அவிழ்க்கவா, என்று எலியானா கேட்டாள்.
நூல்தானே, இருக்கட்டும், என்றான் ஸ்கேன் எடுப்பவன்.

படத்தில் தாடை எலும்பு உள்ளிருந்து ஊதியிருந்தது.
இன்னும் முளைக்காத பால்பல் ஒன்று
இடம் பெயர்ந்து
தனியே மிதந்தது.

புற்றுநோய்ப் பிரிவில் வியாழக்கிழமைக்கு ஒரு கட்டிலைப்
பென்சிலால் குறித்துவிட்டார்கள்.
இத்தனை வேகமாய் வளர்வது
வேறென்னவாய் இருக்கும்?

செவ்வாய் இரவு
நோயியல் கூடத்தில் நோல்வியா பார்ரியா மட்டும்.
அரிசியளவு சதை
மெழுகில் உறைந்து, மயிரிழையிலும் மெலிதாய்ச் சீவப்பட்டுக்
கண்ணாடியில் கிடந்தது.
முதல் பார்வைக்குச் சின்னச் சின்ன நீல உருண்டைகள்,
நெருக்கியடித்துக்கொண்டு.
அவளுக்கு வயிறு பிசைந்தது.
இப்படித்தான் தொடங்கும்,
பெற்றவர்களிடம் சொல்ல நாற்காலி தேடவேண்டிய
ஐந்தாறு நோய்கள்.
கைபேசி மூன்றாம் முறையாக அதிர்ந்தது.
அறுவை மருத்துவர் அர்ரியாகாதா.
எடுக்கவில்லை. லென்ஸை மாற்றினாள்.

அப்போதுதான் மற்றவை.
உருண்டைகளைச் சுற்றி வரிசையாக,
பெரியவை, அவசரமில்லாதவை,
ஒவ்வொன்றின் மடியிலும் பழுப்பு மைப்பொடி.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்
கொன்செப்சியோனில், பயிற்சிக் காலத்தில்,
ஓரம் உடைந்த பழைய கண்ணாடிச் சில்லில்
இந்த இரு கூட்டத்தையும் ஒருசேரப் பார்த்திருக்கிறாள்.
இனி நீ இதைப் பார்க்கப்போவதில்லை
என்று சொல்லித்தான் காட்டினார்கள்.

கருவுக்கு நாலு வாரமாகும்போது
முதுகு உருவாகும் மேட்டிலிருந்து
சில செல்கள் கிளம்பும், முகம் கட்ட.
சிலதின் கையில் எலும்பு, சிலதின் கையில் நரம்பு,
சிலதின் கையில் தோலுக்கான வண்ணக் குவளை.
எல்லாம் ஒரே பேருந்து.
இவை தாடையில் இறங்கிவிட்டன.
இறங்கிய இடத்திலேயே குவளையைத் திறந்துவிட்டன.
குற்றம் அவ்வளவுதான்.

'தீங்கற்ற கட்டி' என்று தட்டச்சு செய்தாள்.
அழித்தாள்.
எலும்பைத் தின்றதைத் தீங்கற்றது என்பதா?
(நாம் மட்டும் என்ன,
படமெடுக்கிற பாம்புக்குத்தான்
நல்ல என்று பேர் வைத்திருக்கிறோம்.)
மறுபடி அதையே அடித்தாள்.
தீங்கற்றது. ஆனால் வேகமானது.
ஓரம் விடாமல் வெட்டி எடுக்கவும்.
விட்டால் திரும்ப வரலாம்.
புற்றுநோய் மருந்து வேண்டாம்.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

அர்ரியாகாதாவை அவளே அழைத்தாள்.
நிச்சயமா?
இன்னும் இரண்டு சாயம் போட்டிருக்கிறேன்,
காலையில் தெரியும்.
ஆனால் நிச்சயம்.
போனை வைத்துவிட்டு
மறுபடி குனிந்து பார்த்தாள்.
கோட்டை மாட்டியபிறகு, நின்றபடியே, இன்னொரு தடவை.

புதன்கிழமை எலியானா கேட்டது ஒன்றுதான்:
அந்தப் பல்?
அது கட்டியோடு போய்விடும், என்றார்கள்.
விரல்விட்டு எண்ணினாள்.
எப்படியும் ஆறு வயதில் விழுகிற பல்தானே.
அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது,
பென்சில் குறியை அழிப்பவன் எதிரில்.

நடைபாதையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.
உன்னைத் திட்டினேனே, அது பழம் இல்லையாம், என்றாள் மூத்தவளிடம்.
தெரியும், என்றது மறுமுனை,
வாய் நிறைய எதையோ மென்றபடி.